ஏழு மில்லிமீட்டரா, எட்டு மில்லிமீட்டரா?



முத்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்றது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரை. அக்கரையிலிருந்து பேச வந்த ஒரு பழைய தலைமையாசிரியன், சிப்பியைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ பேசாமல் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிப் பேசப் புகுந்தால் உங்களுக்கு வியப்பாகவே இருக்கும். வேட்டையாடக் கற்பிப்பது என் நோக்கமன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. அது நல்லதே. ஆயினும், இரண்டு கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க மறந்துவிடுகிறோம் என்பதை நான் முதன்முதலில் கற்றது இரண்டு தோட்டாக்களிடமிருந்துதான். அந்தப் பாடத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1970ஆம் ஆண்டு. எனக்கு வயது பன்னிரண்டு. என் தாய்மாமன் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடன் நானும் முதலாளியின் வீட்டுக்குப் போவதுண்டு. முதலாளி வேட்டைப் பிரியர். லைசென்சு பெற்ற இரண்டு ரைபிள்கள் அவரிடம் இருந்தன. ஒருநாள் அவர் மேசைமேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்திவைத்து, "தம்பி, இதில் பெரியது எது?" என்று கேட்டார். ஒன்று சற்று நீண்டு மெலிந்திருந்தது. மற்றொன்று சற்றுக் குட்டையாய்ப் பருத்து, அடியில் விளிம்பு கட்டியிருந்தது. நான் பருத்ததைத் தொட்டுக் காட்டினேன். "நல்லது எது?" என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் பருத்ததையே காட்டினேன். அவர் சிரித்தார். "பெரியது, நல்லது இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டாய்" என்றார். அவர் சொன்னதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. சில வாரங்களில் விளங்கியது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் தோட்டா என்பது யாது என்று காண்போம். பித்தளையால் ஆன கூடு, அதன் அடியில், தட்டினால் பொறி எழுப்பும் கேப்பு, கூட்டினுள் வெடிமருந்து, அதன் வாயில் செருகப்பட்ட குண்டு. இந்நான்கும் சேர்ந்ததே தோட்டா. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைக் குத்துகிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரைபோலச் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளால் குண்டு பம்பரம்போலச் சுழன்றுகொண்டு செல்கிறது. சுழலும் பம்பரம் சாயாததுபோலச் சுழலும் குண்டும் தலைகுப்புற விழாமல் நேரே போகிறது. இவ்வாறு வரி வெட்டிய துப்பாக்கிக்கே ரைபிள் என்று பெயர்.

மேசைமேல் நின்ற மெலிந்த தோட்டாவை ஐரோப்பியர் 7×57 என்பர். முதல் எண் குழலின் உள்விட்டத்தையும், இரண்டாம் எண் கூட்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். ஜெர்மனியின் பவுல் மௌசர் 1892இல் இதனை ஆக்கினார். 1893இல் ஸ்பெயின் நாட்டுப் படை இதனை ஏற்றுக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போரில் போயர் குடியானவர்கள் இத்தோட்டாவைக் கொண்டே ஆங்கிலப் படையை நெடுந்தொலைவிலிருந்து திணறச் செய்தனர். அப்போரில் சிறைப்பட்ட போயர்களுள் பலரை ஆங்கிலேயர் கடல் கடந்து கொணர்ந்து, நமக்கு அண்டையிலுள்ள இலங்கையின் தியத்தலாவையில் அடைத்து வைத்தனர் என்பது வரலாறு. பின்னர் லண்டனில் ரிக்பி என்ற துப்பாக்கி வணிக நிலையத்தார் இதே தோட்டாவை அங்குல அளவால் .275 என்று பெயரிட்டு வேட்டைக்காரர்களுக்கு விற்றனர். பெயர் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை.

பருத்த தோட்டா 8×50 ஆகும். இது ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. மான்லிக்கர் என்ற பொறியியலறிஞர் அமைத்த 1888ஆம் ஆண்டுப் படைத்துப்பாக்கிக்காகப் பிறந்தது. முதலில் புகை எழுப்பும் பழைய மருந்தைக் கொண்டிருந்தது. 1890இல் புதிய மருந்துக்கு மாறியது. இதற்கும் ஓர் அங்குலப் பெயர் உண்டு. அதுவே .315. நம் நாட்டில் துப்பாக்கி லைசென்சு வைத்திருப்போர் யாவரும் அறிந்த எண் இது.

ஆஸ்திரியப் படைவீரனின் தோட்டா தாமிரபரணிக் கரைக்கு எப்படி வந்தது? இதற்கு விடை ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் படையினரின் தோட்டா .303 ஆகும். அதே தோட்டா பொதுமக்கள் கையிலும் இருந்தால், படைக்கிடங்கிலிருந்து களவாடப்பட்ட தோட்டாக்கள் கலகக்காரர்க்குப் பயன்படும் என்று ஆட்சியாளர் அஞ்சினர். ஆகவே .303ஐப் பொதுமக்களுக்கு விலக்கினர். ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளர் இதற்கு ஒரு வழி கண்டனர். .303 தோட்டாவும் விளிம்புடையது. ஆஸ்திரிய 8 மி.மீ. தோட்டாவும் விளிம்புடையது. எனவே பழகிய லீ அமைப்புத் துப்பாக்கியில் குழலை மாற்றினாலே பெரும்பாலும் போதுமானதாயிற்று. அவ்வாறு பிறந்ததே .315 வேட்டை ரைபிள். நாடு விடுதலை பெற்றபின் வங்காளத்தின் ஈஷாப்பூரிலுள்ள அரசுத் தொழிற்சாலை இதனைச் செய்து விற்றது. தோட்டாவும் நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. .275க்கோ வெளிநாட்டுத் தோட்டா வேண்டும். இறக்குமதி குறையக் குறைய அது கிடைப்பது அரிதாயிற்று. ஆக, பலர் .315ஐ வைத்திருந்தது அது சிறந்தது என்பதனாலன்று. அது கிடைத்தது என்பதனால்தான். தேர்வு என்று நாம் எண்ணிக்கொள்வதில் எத்துணைப் பங்கு சட்டமும் சந்தையும் நமக்காக முன்பே செய்துவைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, பௌதிக வகுப்புக்கு வருவோம். கரும்பலகையில் எழுதுவதாக எண்ணிக்கொண்டு கேளுங்கள்.

8 மி.மீ. குண்டின் எடை 15.8 கிராம், குழலின் வாயை விட்டுப் புறப்படும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 620 மீட்டர். 7 மி.மீ. தோட்டா படையில் இருந்தபோது 11.2 கிராம் குண்டை நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. மானைச் சுடுவோர் பின்னர் விரும்பியது ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ள கூர்மூக்குக் குண்டு. அதன் வேகம் ஏறத்தாழ 820 மீட்டர். இவ்வேட்டைக் குண்டையே ஒப்பிடுவோம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். கிராமைக் கிலோகிராமாக மாற்றிப் பெருக்கிப் பாருங்கள். பருத்த குண்டுக்கு ஏறத்தாழ 3,040 ஜூல். மெலிந்த குண்டுக்கு ஏறத்தாழ 3,030 ஜூல். இரண்டும் ஒன்றே என்று சொல்லலாம்! எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதலான குண்டு, வேகத்தின் வர்க்கத்தால் ஈடுகட்டிவிட்டது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? எடையை வேகத்தால் மட்டும் பெருக்கினால் உந்தம் வரும். பருத்ததற்கு 9.8, மெலிந்ததற்கு 7.4. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இவ்வுந்தமே துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளும். பருத்தது தோளை அதிகமாக இடிக்கும். இடிக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவன் குறி தப்புவான். ஆனால் கனத்த, அகன்ற குண்டுக்கு ஒரு நன்மையும் உண்டு. புதருக்குள் ஐம்பது அறுபது அடி தூரத்தில் பாய்ந்து வரும் காட்டுப்பன்றியின் தடித்த தோலையும் எலும்பையும் ஊடுருவ அது ஏற்றது.

மெலிந்த குண்டின் சிறப்பு தூரத்தில் விளங்கும். குழலை விட்ட கணமே எந்தக் குண்டும் விழத் தொடங்குகிறது. மாமரத்திலிருந்து உதிரும் பழம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு விழுமோ, அவ்வளவு நேரத்தில் குண்டும் அவ்வளவே விழும். காற்றின் தடையைச் சற்று மறந்து கணக்கிடுவோம். 200 மீட்டர் செல்ல 8 மி.மீ. குண்டுக்கு 0.32 நொடி ஆகிறது. அதற்குள் அது 51 சென்டிமீட்டர் விழுகிறது. 7 மி.மீ. குண்டுக்கு 0.24 நொடி, வீழ்ச்சி 29 சென்டிமீட்டர். 300 மீட்டரில் முன்னது 115 சென்டிமீட்டரும், பின்னது 66 சென்டிமீட்டரும் விழும். உண்மையில் காற்றின் தடையால் வீழ்ச்சி இன்னும் மிகும். மொட்டை மூக்குடைய மெதுவான குண்டு கூடுதலாகவே இழக்கும். இவ்வீழ்ச்சியை ஈடுசெய்யத்தான் ரைபிளில் தூரக்குறி வைத்திருக்கிறார்கள். 200 என்று குறியை ஏற்றிவைத்தால் 200இல் குண்டு சரியாகப் படும். ஆனால் இலக்கு 200இல்தான் நிற்கிறது என்று நமக்குச் சொல்வது யார்?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வல்லநாடு என்ற ஊர் இருக்கிறது. குன்றும், உடைமரங்களும், முள்ளும், இடையிடையே புல்வெளியுமான நிலம். வெளிமான்கள் அங்கே கூட்டமாக மேயும். பெயருக்கேற்ப அவை வெளியில் வாழ்பவை. எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடிவிடும். முதலாளி வெளிமானுக்கு .275ஐயும், குன்றடிப் பன்றிக்கு .315ஐயும் எடுத்துச் செல்வது வழக்கம். அந்த மாதம் .275க்குரிய தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. ஆகவே .315ஐ எடுத்துக்கொண்டார். மாமாவும் நானும் உடன் சென்றோம். அவ்வேட்டைக்கு அனுமதி இருந்ததா என்று கேட்கும் வயது எனக்கு இல்லை.

காலை வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்கியிருந்தது. தடம் பார்க்க வந்த முதியவர் முள்மறைவில் அமர்ந்து, "முதலாளி, தூரம் கூடுதலாத் தெரியுது. இன்னுங் கொஞ்சம் கிட்ட வரட்டும்" என்றார். "இருநூறு கெஜந்தான் இருக்கும்" என்று சொல்லி முதலாளி சுட்டார். கரிய கலைமான் ஒன்று முன்னங்கால் மடிந்து விழுந்தது, உடனே எழுந்தது, மூன்று கால்களால் தத்தித் தத்திக் கூட்டத்தின் பின்னே ஓடி மறைந்தது. மானின் உடல் அவ்வளவு நேரம் அங்கே நின்றதற்கு அடையாளமாகச் சில துளி இரத்தமும் சிதறிய எலும்புத் துண்டும் மட்டுமே கிடந்தன. முதியவர் அவ்விடம்வரை காலடியால் அளந்துகொண்டே வந்தார். இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தது.

பொழுது சாயும்வரை தேடினோம். மறுநாட் காலையும் தேடினோம். மான் அகப்படவில்லை. "செத்திருந்தா நல்லது, முதலாளி. உசுரோட கிடந்தாத்தான் பாவம்" என்றார் முதியவர். முதலாளி மறுமொழி சொல்லவில்லை. துப்பாக்கியைத் துடைப்பது எப்போதும் வேலைக்காரரின் பொறுப்பு. அன்று அவரே துடைத்தார். அதன்பின் அவர் வெளிமான் சுடச் சென்றதாக நான் கேட்டதில்லை. அவர் காலத்துக்குப் பின் அவ்விரு ரைபிள்களையும் வீட்டார் சட்டப்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர்.

பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒன்பதாம் வகுப்புக்கு இயக்கவியல் நடத்தியபோது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள். கெஜத்துக்கு மீட்டரையே கொள்ளுங்கள்; பெரும் பிழை வராது. குறி 200க்கு ஏற்றப்பட்டிருக்க, இலக்கு 250இல் நின்றால் 8 மி.மீ. குண்டு கருதிய இடத்திற்கு 16 சென்டிமீட்டர் கீழே செல்லும். 7 மி.மீ. குண்டு 9 சென்டிமீட்டர் கீழே செல்லும். காற்றின் தடையையும் சேர்த்தால் இரண்டும் இன்னும் கூடும். வெளிமானின் மார்பில் உயிர்நிலை இருக்கும் பரப்பு இரண்டு கையகலத்துக்கு மேல் இல்லை. அதன் நடுவைக் குறித்த குண்டு 9 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அநேகமாக உயிர்நிலையின் ஓரத்தில் படும். 16 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் தாழ்ந்தால் காலில் படும். ஐம்பது மீட்டர் தவறான மதிப்பீட்டுக்கு ஒரு தோட்டா ஓரளவு இடங்கொடுக்கிறது, மற்றது இடங்கொடுப்பதில்லை.

ஆகவே 7 மி.மீ. தோட்டாவே சிறந்தது என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அதே முதலாளி 300 கெஜத்தை 200 என்று மதித்திருந்தால், .275 இருந்தும் கால்தான் முறிந்திருக்கும். அந்த முதியவர் சொல்லைக் கேட்டு மான் நெருங்கும்வரை காத்திருந்தால், .315 இருந்தும் மான் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை நீளலாம், குறுகலாம். எல்லையே இல்லாத தோட்டா என்று ஒன்று இல்லை. எல்லையை அறிவதும், அதற்கப்பால் விரலை விசையிலிருந்து எடுத்துக்கொள்வதும் தோட்டாவின் வேலையல்ல, மனிதனின் வேலை.

இதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வால்டர் பெல் என்பவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். பெரும்பாலானவற்றை வீழ்த்தியது இந்த மெலிந்த 7 மி.மீ. தோட்டாவே. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எப்பக்கத்திலிருந்து நோக்கினால் மூளை எங்கே இருக்கும் என்று கற்றுக்கொண்டவர். அத்துணை யானைகளைக் கொன்றதை இன்று நாம் புகழ வேண்டியதில்லை. ஆனால் அறிவு குண்டின் பருமனை வென்றது என்பதை மறுக்க முடியாது. மற்றொருவர் ஜிம் கார்பெட். இமயமலை அடிவாரத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் வீழ்த்தியதற்காக, அம்மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்தது ரிக்பி நிலையத்தாரின் .275 ரைபிளே. அதை அவர் போற்றிப் பயன்படுத்தினார். ஆயினும் கனத்த இரட்டைக்குழல் ரைபிள் ஒன்றையும் வைத்திருந்தார். ஒரே கருவி எல்லாவற்றுக்கும் போதும் என்று அவர் எண்ணவில்லை. பிற்காலத்தில் அவரே துப்பாக்கியைவிடப் புகைப்படக் கருவியைப் பெரிதும் விரும்பினார். 1936இல் அமைந்த தேசியப் பூங்கா ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னொரு செய்தியையும் மறக்கலாகாது. குண்டின் மூக்கு முழுவதும் உலோகத்தால் மூடப்பட்டிருந்தால் அது சிறு துளையிட்டு ஊடுருவிப் போகும். மூக்கில் ஈயம் வெளித்தெரிந்தால் உடலுக்குள் விரிந்து பெரும் புண் செய்யும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் செய்யப்பட்டதால் அவ்வகைக் குண்டுக்கு டம்டம் குண்டு என்றே உலகம் பெயரிட்டது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதனை விலக்கின. வேட்டையிலோ அதையே பயன்படுத்த வேண்டும் என்பர். முரண்பாடாகத் தோன்றுகிறதல்லவா? போரில் காயம்பட்டவன் பிழைக்க வேண்டும் என்பது கருணை. வேட்டையில் காயம்பட்ட விலங்கு நெடுநேரம் துன்புறலாகாது என்பது கருணை. கருவியை மட்டும் பார்த்தால் நன்மை தீமை விளங்காது. அது யார்மேல், எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் கடற்கரையின் முத்துச்சலாபத்தைச் சொல்லி முடிக்கிறேன். கடலடியில் சிப்பி படியும் பாறைப் பரப்பைப் 'பார்' என்பார்கள். சலாபம் தொடங்குமுன் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பர். சிறிதளவு சிப்பி எடுத்துத் திறந்து, முத்தின் மதிப்பை அறிவர். சிப்பி முதிரவில்லையென்றால் அவ்வாண்டு சலாபம் இல்லை. தோணிகள் இருக்கும், குளிப்பவர் இருப்பர், கல்லும் கயிறும் இருக்கும், ஆயினும் கடலில் இறங்கமாட்டார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததுண்டு. 1961இல் நடந்ததே தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். கருவி கையில் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் நேரம் வந்திருப்பது வேறு என்பதை எங்கள் ஊர்க் குளியாளிகள் அறிந்திருந்தார்கள்.

வல்லநாட்டுக் குன்று 1987இல் வெளிமான் சரணாலயமாயிற்று. பரப்பு 16.41 சதுரக் கிலோமீட்டர்தான். இயற்கையாக வாழும் வெளிமான்களுக்கு இந்தியாவின் தென்கோடி இருப்பிடம் அதுவே. ஓய்வு பெற்றபின் ஒருமுறை அங்கே சென்றிருந்தேன். கானல் ஆடும் வெளியில் ஒரு கலைமான் தலைநிமிர்ந்து நின்றது. பழைய பழக்கத்தால் தூரத்தை மதிப்பிட்டேன்: இருநூறு இருக்கும் என்று தோன்றியது. பின்பு, இருநூற்றைம்பதாகவும் இருக்கலாம் என்று திருத்திக்கொண்டேன்.

உங்களுள் என்.சி.சி.யில் சேர்ந்து .22 ரைபிளால் அட்டையைச் சுடப் பயில்வோர் இருப்பீர்கள். சுடுமுன் தூரத்தை இருமுறை மதிப்பிடுங்கள். மதிப்பில் ஐயம் இருந்தால் விரலை எடுத்துவிடுங்கள். அட்டைக்கு வலிக்காது, ஆனால் பழக்கம் அங்கேதான் அமைகிறது.